குழாய்ச் சின்னமும் ஒரு ஜெபமும்

பரலோகத்துக்குப் போகும் வழி இடுக்கமானது என்பதை அந்தச் சபையாருக்கு யாரும் பிரசங்கித்துப் புரியவைக்க வேண்டியதில்லை. அவர்கள் ஆராதனைக்கு ஏறும் மாடிப்படியே அப்படித்தான் இருந்தது. கீழே டைல்ஸ், குளியலறைச் சாமான்கள் விற்கும் கடை. கடைக்குள் இடம் போதாமல் படி ஓரமெல்லாம் சாம்பிள் வாஷ்பேசின்களும் மூடி திறந்த கமோடுகளும் வரிசையாக நிற்கும். ஞாயிறு காலையில் வெளுத்த சட்டையும் வேதப்புத்தகமுமாக வருகிற பெரிய மனிதர்கள், வளைவுக்கு வளைவு ஒரு கமோடுக்கு ஒதுங்கி வழிவிட்டுத்தான் மேலே போயாக வேண்டும். மனத்தாழ்மைக்கு இதைவிட நல்ல பயிற்சியை எந்த வேதாகமக் கல்லூரியும் இதுவரை கண்டுபிடிக்கவில்லை.

மேலே ஹால். விற்காமல் தேங்கிய டைல்ஸையெல்லாம் ஒட்டி முடித்த ஹால். தரை ஒரு மூலையில் மரம் மாதிரியும் இன்னொரு மூலையில் மார்பிள் மாதிரியும் இருக்கும். பிரசங்க மேடைக்குப் பின்னால் சுவர் முழுக்க ஒரு அருவிப் படம். குளியலறைக்கென்று தயாரானது, ஆசீர்வாதத்தின் அருவி என்று சபையார் எடுத்துக்கொண்டார்கள்.

கடைக்கும் மாடிக்கும் சொந்தக்காரர் டைல்ஸ் அண்ணன். சபைக் கமிட்டிக்குத் தலைவரும் அவரே. ஹாலுக்கு அவர் வாடகை வாங்குவதில்லை. "வாடகைன்னு ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கேனா?" என்று கேட்பார். உண்மைதான், கேட்டதில்லை. அந்தக் கேள்வியை மட்டும் மாதம் தவறாமல் கேட்பார்.

பாஸ்டர் சாதுவான மனிதர். திங்கள் முதல் சனி வரை டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பார். அந்தக் காரில் அவர் உட்காரும் பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. பழகுகிறவர் எங்கே தப்புப் பண்ணினாலும் பாஸ்டரின் கால் முந்திக்கொண்டு மிதிக்கும். ஊரில் பாதிப் பேர் அந்தக் காலால் உயிர் பிழைத்தவர்கள். ஆனால் டைல்ஸ் அண்ணன் விஷயத்தில் மட்டும் அந்தக் கால் மரத்துப்போய்விடும்.

அந்தச் சபையில் பாட்டு முடிந்து பிரசங்கம் தொடங்குமுன் சாட்சி நேரம். ஆண்டவர் தனக்குச் செய்ததை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். ஒரு காலத்தில் இதற்கு வரம்பே கிடையாது. ஒரு சகோதரர் தன் குடலிறக்க ஆபரேஷனை வாரா வாரம் தொடர்கதையாகச் சொல்லிவந்தார். தையல் பிரிக்கும் கட்டத்துக்கு அவர் வருவதற்குள் இரண்டு குடும்பங்கள் வேறு சபைக்குப் போய்விட்டன. அப்போது டைல்ஸ் அண்ணன் எழுந்து சட்டம் போட்டார்.

"இந்த வாரம் நடந்ததா இருக்கணும். உங்களுக்கு நடந்ததா இருக்கணும். பெருமை இருக்கக் கூடாது."

மீறினால் மணி அடிக்கப்படும். மணி, கடைக் கல்லாவில் இருந்த மேஜை மணி. அடிக்கும் உரிமை அண்ணனின் மனைவிக்கு. சபையே அவரை அக்கா என்று அழைக்கும். அக்காவிடம் பாரபட்சம் கிடையாது. ஒருமுறை பாஸ்டர் பிரசங்கித்துக்கொண்டிருக்கும்போதே அடித்துவிட்டு, "பழக்கதோஷம் பாஸ்டர்" என்றார். யாரும் நம்பவில்லை.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த சபையில்தான் வாக்குத்தத்த அட்டை வந்து விளையாடியது.

வருடத்தின் முதல் ஆராதனையில் தட்டில் அட்டைகளை வைத்து நீட்டுவார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அதிலிருக்கும் வசனம் அந்த வருடத்துக்கான வாக்குத்தத்தம். டைல்ஸ் அண்ணனுக்கு வந்தது, வாலாக இல்லாமல் தலையாக இருக்கப்போவதைப் பற்றிய வசனம். உண்மையில் அந்தத் தட்டில் பாதி அட்டைகள் அதே வசனம்தான். அதுதான் போகிறது என்று அச்சடிக்கிறவர்கள் அதையே அதிகம் அடிக்கிறார்கள். வாலாக இருப்பதைப் பற்றி யாரும் அட்டை வாங்குவதில்லை. மற்றவர்கள் அதைக் கொண்டுபோய் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டு மறந்துபோனார்கள். அண்ணன் மட்டும் நகரசபைத் தேர்தலுக்கு மனு போட்டார். சுயேச்சை. கேட்ட சின்னம் குழாய். ஒதுக்கும்வரை அவர் காத்திருக்கவில்லை. கடையில் சாம்பிள் தயாராக இருந்தது.

"நான் நிக்கல பாஸ்டர். கர்த்தர் நிறுத்துறார்," என்றார் கமிட்டிக் கூட்டத்தில்.

பக்கத்திலிருந்த மச்சான் தலையாட்டினார். மச்சான் என்றால் அக்காவின் தம்பி. கடையில் கணக்கு, தேர்தலில் பிரச்சாரம், மற்ற நேரங்களில் அண்ணன் சொன்னதற்கு எதிரொலி.

"ராஜ்யம் வரணும், ராஜ்யம் வரணும்னு வாரா வாரம் ஜெபிக்கிறோம்ல பாஸ்டர்? எந்த வழியா வரும்? ஏதாவது ஒரு வார்டு வழியாத்தானே வந்தாகணும்?" என்றார் மச்சான்.

இறையியலில் இது புதுக் கருத்து. பாஸ்டர் தண்ணீர் குடித்தார்.

"விஷயம் ஒண்ணும் பெருசில்ல," என்றார் அண்ணன். "வர்ற ஞாயித்துக்கிழமை, சாட்சி நேரம் முடிஞ்சதும், நீங்க என் தலையில கை வெச்சு, இவர்தான் ஆண்டவர் நிறுத்தின ஆள், சபை ஓட்டு மொத்தமும் இவருக்குத்தான்னு ஒரு வார்த்தை சொல்லிடணும். அவ்வளவுதான்."

பாஸ்டர், "அண்ணே, அது வந்து..." என்று இழுத்தார்.

"ஹாலைப் பத்திக் கவலையே படாதீங்க," என்று மச்சான் குறுக்கே வந்தார். ஹாலைப் பற்றி அதுவரை யாரும் கவலைப்படவில்லை. "இதைக் குடோனாக்கலாம்னு ஒரு யோசனை ஓடிச்சு. அண்ணன்தான் வேணாம்னு சொல்லிக்கிட்டிருக்கார். இந்த நிமிஷம் வரைக்கும் வேணாம்னுதான் சொல்றார்."

பாஸ்டர் மனசுக்குள் கணக்குப் போட்டார். இந்த மாடியை விட்டால் அறுபது பேரைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது? அவர் வீட்டுக் கூடத்தில் அறுபது பேரல்ல, அவர்களுடைய செருப்புகளைக்கூட வைக்க முடியாது.

"ஜெபிச்சுட்டுச் சொல்றேண்ணே," என்றார்.

அந்த வட்டாரத்தில் இதற்கு, பயமாக இருக்கிறது என்று பொருள்.

பாஸ்டரம்மா ஒரு பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுக்கிறவர். நரம்பு தேடுவது, குத்துவது, பஞ்சு வைப்பது, அடுத்த ஆள். வீட்டிலும் அதே முறைதான்.

"என்ன சொன்னீங்க?"

"ஜெபிச்சுட்டுச் சொல்றேன்னு சொன்னேன்."

"எதை ஜெபிக்கப் போறீங்க? பதில் தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும்."

"அப்புறம்?"

"தைரியத்துக்கு ஜெபிக்கணும்ல."

பாஸ்டரம்மா துணியை மடித்துக்கொண்டே சொன்னார்: "அண்ணன் நிக்கட்டுங்க. தெருவிளக்கு போடுவார், சாக்கடை அள்ளுவார்னா நானே ஓட்டுப் போடுறேன். அதுக்கு ஒரு கவுன்சிலர் போதும். இயேசுவை எதுக்கு சிபாரிசுக்குக் கூப்பிடுறார்?"

பாஸ்டர் அசந்துபோனார். அவர் மூன்று பாகமாக யோசித்து வைத்திருந்த பிரசங்கம் அந்தச் சட்டைக்கும் இந்தப் பாவாடைக்கும் நடுவில் முடிந்துவிட்டது.

"இதை நான் சொல்லிக்கலாமா?"

"சொல்லுங்க. என் பேரைச் சொல்லாதீங்க. எனக்கு அக்கா முகத்துல முழிக்கணும்."

அந்த அக்காவின் முகத்தில்தான் சனிக்கிழமை காலை பாஸ்டர் முழிக்க வேண்டியிருந்தது. அக்கா கார் பழகிக்கொண்டிருந்தார். முதல் கியரில் நன்றாகப் போவார். இரண்டாவது கியரைத் தேவையில்லாத ஆடம்பரமாக நினைத்தார்.

ரவுண்டானாவில் திரும்பியதும் கார் சட்டென்று நின்றது. வழக்கத்துக்கு மாறாக, பிரேக்கை மிதித்தது பாஸ்டரல்ல; அக்கா.

"என்னக்கா?"

"அங்க பாருங்க."

எதிரே இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு பேனர். வெள்ளைக் கோட்டு போட்ட டைல்ஸ் அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். மேலே, 'ராஜ்யம் நம் வார்டில்!' கீழே, ஒளிவட்டத்துக்குள் ஒரு குழாய். ஓரத்தில், வலது கையை உயர்த்தி ஆசீர்வதித்துக்கொண்டிருந்தார் பாஸ்டர்.

"நான் எப்பக்கா இப்படிக் கையைத் தூக்கினேன்?"

"நல்லா யோசிங்க."

யோசித்தார். போன மாதம் டிரைவிங் ஸ்கூல் மைதானத்தில், சுவரைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்த ஒருத்தரை நிறுத்தச் சொல்லி அலறிய நேரத்தில் எடுத்த படம். வாயை மட்டும் யாரோ கம்ப்யூட்டரில் மூடி, புன்னகை வைத்திருந்தார்கள்.

"உங்க கையைப் பார்த்ததும் எனக்குக் கால் தானா பிரேக்குக்குப் போயிடுச்சு பாஸ்டர்," என்றார் அக்கா. "உங்ககிட்டப் பழகினவங்க அத்தனை பேரும் இந்த இடத்துல நின்னு நின்னுதான் போறாங்களாம்."

பின்னால் ஹாரன்கள் கத்தின. கார் நகர்ந்தது, முதல் கியரில்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பார் பாஸ்டர்," என்றார் அக்கா திடீரென்று.

"நானா? நான் நீங்க சொன்னா கேப்பார்னு நெனச்சுக்கிட்டிருக்கேன்."

"நான் சொல்லி அவர் என்னைக்குக் கேட்டார்? வீட்டுல ஒரு மனுஷன் மாதிரியா இருக்கார்? காலையில காப்பி கொடுத்தா ரெண்டு கையையும் கூப்பி வாங்குறார். கேஸ் சிலிண்டர் போட வந்த ஆளைக் கட்டிப்பிடிச்சுப் போட்டோ எடுக்குறார்." சற்று நிறுத்தி, குரலைத் தாழ்த்தினார். "ஆனா வியாழக்கிழமையில இருந்து ஒரு மாதிரியா இருக்கார். பிரச்சாரத்துக்குப் போனவர் பாதியில திரும்பி வந்துட்டார். கேட்டா பதில் இல்ல. கடையில அந்த சாம்பிள் பாத்டப் இருக்குல்ல? அதுக்குள்ள போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தார். செருப்போட."

"உடம்புக்கு ஏதாவது..."

"தெரியல. வீட்டுல ஜெபத்துக்கும் உட்கார மாட்டேங்குறார். நீ பண்ணு, நீ பண்ணுங்குறார். அவர் விட்டுக்கொடுக்குற ஆளா? ஜெபத்துல என்னை முடிக்கவே விட மாட்டாரே!"

பாஸ்டர் இதைத் தன் பயத்துக்கு ஏற்ற மாதிரிப் புரிந்துகொண்டார். பாஸ்டர் மறுத்துவிடுவாரோ என்ற கோபத்தில்தான் அண்ணன் இப்படி இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை, திங்கட்கிழமை குடோன். சபை தெருவில் நிற்பதுபோலவும், அருவிப் படத்துக்கு முன்னால் சிமெண்ட் மூட்டை அடுக்கியிருப்பதுபோலவும் அன்று முழுவதும் அவர் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. ஆனாலும் அந்தப் பேனரில் தன் கையைப் பார்த்ததிலிருந்து உள்ளே ஏதோ ஒன்று கெட்டிப்பட்டிருந்தது. கேட்காமலே எடுத்து ஒட்டிக்கொண்ட கை. சாயங்காலம் கண்ணாடி முன் நின்று, "மாட்டேன்" என்று சொல்லிப் பார்த்தார். முதல் தடவை, 'மாட்டேன்னு நினைக்கிறேன்' என்று வந்தது. போகப்போகச் சரியானது.

ஞாயிற்றுக்கிழமை ஹால் நிறைந்திருந்தது. வராதவர்கள்கூட வந்திருந்தார்கள், கை வைக்கப்போவது ஊருக்குத் தெரிந்துவிட்டது. மச்சான் போன் கேமராவை ஸ்டாண்டில் பொருத்தி, அருவி முழுசாகத் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டார். பாட்டு முடிந்தது. சாட்சி நேரம்.

ஒரு சகோதரி எழுந்து, தொலைந்துபோன குக்கர் கேஸ்கட் கிடைத்ததற்காக ஸ்தோத்திரம் சொன்னார். அது பக்கத்து வீட்டில் கிடைத்த விதத்தை விவரிக்கத் தொடங்கியபோது அக்கா மணியடித்தார். குடலிறக்கச் சகோதரர் எழுந்தார், அவர் வாயைத் திறக்குமுன்பே மணி அடித்தது, உட்கார்ந்துகொண்டார்.

அப்போது டைல்ஸ் அண்ணன் எழுந்தார். வெள்ளைக் கோட்டு இல்லை. சாதாரணச் சட்டை.

பாஸ்டருக்குத் தெரிந்துவிட்டது. இதோ வருகிறது. அண்ணன் பேச ஆரம்பித்துவிட்டால் பிறகு தன்னால் வாய் திறக்க முடியாது. இத்தனை வருடமும் அப்படித்தான் நடந்தது. இப்போது மிதிக்காவிட்டால் எப்போதும் மிதிக்க முடியாது. நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தில் அது பின்னால் சாய்ந்து விழுந்தது.

"அண்ணே, ஒரு நிமிஷம்! நான் முதல்ல சொல்லிடுறேன். நான் கை வைக்க மாட்டேன்!"

மச்சான் கேமராவை அணைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பாஸ்டர் அதோடு நின்றுவிடவில்லை. "நீங்க தேர்தல்ல நில்லுங்க. தெருவிளக்கு போடுங்க. நான் வேணாம்னு சொல்லல. ஆனா ஆண்டவர் பேரைச் சொல்லி ஓட்டுக் கேக்க என்னால முடியாது. நமக்கு ராஜா ஒருத்தர் இருக்கார்ணே. அவர் எந்த ஓட்டும் வாங்காம ராஜாவா இருக்கார். அவர் நம்மளைத் தேர்தல் ஏஜெண்டா வைக்கல. சாட்சியா வெச்சிருக்கார். நாம பார்த்ததைச் சொல்லணும், அவ்வளவுதான் நம்ம வேலை. இன்னைக்கு உங்க தலையில கையை வெச்சுட்டு, நாளைக்கு நான் யார் வீட்டுல போய் இயேசுவைப் பத்திச் சொன்னாலும், ஓ, நீங்க குழாய்க்காரங்களான்னுதான் கேப்பாங்க. ஹாலை எடுத்துக்கறதுன்னா எடுத்துக்கங்க. மைதானத்துல கூடிக்கிறோம். மழை வந்தா காருக்குள்ள பிரசங்கம் பண்றேன். நாலு நாலு பேரா வரட்டும்."

சொல்லி முடித்துவிட்டார். பாஸ்டரம்மா இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து, பஞ்சு வைக்கும் நேரத்தில் பார்ப்பதுபோல அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டைல்ஸ் அண்ணன் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார்.

"முடிஞ்சுதா பாஸ்டர்?"

"முடிஞ்சுதுண்ணே."

"இப்ப நான் என் சாட்சியைச் சொல்லலாமா?"

பாஸ்டர் தலையாட்டினார். உட்கார நாற்காலி இல்லை, நின்றார்.

"வியாழக்கிழமை," என்று ஆரம்பித்தார் அண்ணன். "மார்க்கெட்டுக்குப் பின் தெரு. வேன்ல மைக் கட்டிக்கிட்டுப் போனோம். நம்ம ரிட்டயர்டு கண்டக்டர் வீடு அங்கதான் இருக்கு. ஞாபகம் இருக்கா? பின்வரிசையில உட்காருவார். முடியாமப்போய் வர்றதை நிறுத்திட்டார். நாமளும் ஏன்னு கேக்கல. நான் அவர் வீடுன்னு தெரிஞ்சு போகல. வாசல் வாசலா தட்டிக்கிட்டே போனதுல அதுவும் ஒரு வாசல். கதவைத் திறந்த அந்தம்மா என்னைப் பார்த்ததும் அழுதுட்டாங்க. 'சபையில இருந்து யாராவது வருவாங்கன்னு அவர் சொல்லிக்கிட்டே இருந்தார், உள்ள வாங்க'ன்னாங்க. நான் கையில இருந்த நோட்டீஸைப் பாக்கெட்டுல திணிச்சேன்."

மணியின் மேலிருந்த கையை அக்கா எடுத்துக்கொண்டார்.

"கண்டக்டர் பாதி ஆளாப் படுத்திருந்தார். ஜெபம் பண்ணுங்கன்னார். முழங்கால் போட்டேன். நல்லாத்தான் ஆரம்பிச்சேன். நல்லாத்தான் போச்சு. வெளிய வேன்ல இவர்..." என்று மச்சானைக் காட்டினார், "மைக்ல ஓட்டுக் கேட்டுக்கிட்டே இருந்தார்."

"நிறுத்தச் சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல மாமா! எனக்கென்ன தெரியும்!" என்றார் மச்சான்.

அக்கா அவருக்கு ஒரு மணி அடித்தார்.

"முடிக்கிற இடம் வந்துச்சு," என்றார் அண்ணன். "நாள் பூரா ஒரே வார்த்தையைச் சொன்ன வாய். கண்ணை மூடிக்கிட்டு, அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு, ஆகவே ஆண்டவரே, இந்தச் சகோதரனுக்கு நல்ல சுகத்தைத் தந்து, உங்கள் பொன்னான வாக்குகளைக் குழாய்ச் சின்னத்தில் அளித்து என்னை வெற்றிபெறச் செய்யுமாறு இரு கரம் கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்னு முடிச்சுட்டேன்."

ஹாலில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. பிறகு எங்கோ ஒரு மூலையில் ஒருவர் 'க்கும்' என்றார். குடலிறக்கச் சகோதரர். சிரிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அது பரவியது. சிரிக்கக் கூடாத இடத்தில் வருகிற சிரிப்பு. அடக்க அடக்கப் பெருகியது. கேஸ்கட் சகோதரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அண்ணனும் சிரித்தார். கண்ணீரோடு சிரித்தார்.

"கண்டக்டரும் இப்படித்தான் சிரிச்சார். 'தம்பி, டிக்கெட்டை மாத்திக் கிழிச்சுட்டீங்களே'ன்னார். சிரிச்சு இருமல் வந்துடுச்சு அவருக்கு. ஆனா அந்தம்மா சிரிக்கல." சிரிப்பு மெல்ல அடங்கியது. "'ஓ, நீங்க இதுக்குத்தான் வந்தீங்களா'ன்னு கேட்டாங்க. கோபமா கேக்கல. சும்மா, புரிஞ்சுக்கிட்ட மாதிரி. தண்ணி கொண்டுவந்து கொடுத்தாங்க. உள்ள இல்ல. வாசப்படிக்கிட்ட கொண்டுவந்து கொடுத்தாங்க. ஓட்டுக் கேட்டு வர்றவங்களுக்குக் கொடுக்குற மாதிரி."

கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தார்.

"நான் சபையில இருந்து வந்தேன்னு அவங்க நெனச்சது ஒரு அஞ்சு நிமிஷம். அந்த அஞ்சு நிமிஷம் எனக்குக் கெடச்ச மரியாதை, கவுன்சிலராகி சேர்மனானாலும் கெடைக்காது. அதை நானே என் வாயால கெடுத்துக்கிட்டேன். அப்ப இருந்து எனக்கு ஜெபம் வரல. கண்ணை மூடினா குழாய்தான் தெரியுது. நாளைக்கு வாபஸ் வாங்கக் கடைசி நாள். காலையில போய் வாங்கிடுறேன். இதைச் சொல்லத்தான் எழுந்திரிச்சேன். அதுக்குள்ள பாஸ்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டுட்டார்."

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நீதிபதிபோலத் தீர்ப்புச் சொன்னார்: "இந்த வாரம் நடந்தது. உங்களுக்கு நடந்தது. பெருமை சுத்தமா இல்ல. சரியான சாட்சி." மணியைக் கைப்பைக்குள் போட்டு மூடினார்.

தன் வாழ்நாளின் ஒரே வீரச்செயல் தேவையில்லாமல் போனதை பாஸ்டர் மெல்ல உணர்ந்தார். வருத்தமாக இல்லை. முதுகில் வைத்திருந்த சிமெண்ட் மூட்டையை யாரோ இறக்கிவிட்டதுபோல இருந்தது. ஆனாலும் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அண்ணே, அந்த ஹால்... குடோன்னு மச்சான்..."

மச்சான் அருவியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"அதைச் சொல்லச் சொன்னதே நான்தான் பாஸ்டர்," என்றார் அண்ணன். "அதையும் சாட்சியில சேர்த்துக்கங்க. ஹால் எங்கயும் போகாது. வாடகை வாங்கலன்னு இனிமே நான் ஞாபகப்படுத்தவும் மாட்டேன்." யோசித்தார். "முயற்சி பண்றேன்."

"ஸ்தோத்திரம்," என்றார் பாஸ்டரம்மா. அன்று ஹாலில் எழுந்த ஸ்தோத்திரங்களில் மிக நிஜமானது அதுதான்.

"ஆனா ஒண்ணு பாஸ்டர். நீங்க பேசினது நல்லாத்தான் இருந்துச்சு. நான் மனு போட்ட அன்னைக்கே பேசியிருந்தா எனக்குக் கோட்டுத் தைக்கிற வேலை மிச்சமாயிருக்கும்."

"ஜெபிச்சுட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்," என்றார் பாஸ்டர்.

அன்று பிரசங்கம் நடக்கவில்லை. மூன்று பாகமும் பாஸ்டரின் சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது; சபை அதைப் பெரிய இழப்பாகக் கருதியதாகத் தெரியவில்லை. கண்டக்டர் வீட்டுக்குப் போகலாம் என்று யாரோ சொன்னார்கள். மொத்தப் பேரும் போனால் வீடு தாங்காது என்று பத்துப் பேர் கிளம்பினார்கள். மச்சான் வழக்கம்போல, "வேனை எடுக்கட்டுமா?" என்றார். பத்துப் பேரும் ஒன்றாகத் திரும்பி அவரைப் பார்த்த பார்வையில், நடந்தே வருவதாகச் சொல்லிவிட்டார். கமோடுகளுக்கு ஒதுங்கி வரிசையாகப் படியிறங்கினார்கள். ரவுண்டானாவில் இன்னும் பேனர் இருந்தது. அதை இறக்கி மணல் குவியலுக்கு மூடப்போகிறேன் என்றார் அண்ணன். தன் முகம் கீழ்ப்பக்கம் வருகிற மாதிரி.

கண்டக்டரின் மனைவி கதவைத் திறந்தார். அண்ணனைப் பார்த்தார். அவருடைய கைகளைப் பார்த்தார். நோட்டீஸ் இல்லை. பின்னால் நிற்பவர்களைப் பார்த்தார்.

"அம்மா, இன்னைக்கு வேற எதுக்கும் வரல," என்றார் அண்ணன்.

அந்தம்மா ஒதுங்கி நின்று வழிவிட்டார்.

சின்ன அறை. மருந்து வாசனை. ஜன்னலோரம் கட்டில். பத்துப் பேரும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்கள். பாஸ்டர் கட்டிலருகே போய், கண்டக்டரின் நெற்றியில் கையை வைத்தார். ஊரெல்லாம் பேனரில் பார்த்த அதே வலது கை. பிறகு அண்ணனைப் பார்த்து, நீங்களே ஜெபியுங்கள் என்று தலையசைத்தார். அண்ணன் வேண்டாம் என்றார். அக்கா முழங்கையால் இடித்தார்.

அண்ணன் முழங்கால் போட்டு, கண்டக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார். அடுக்குமொழி இல்லை. இவருக்கு வலி குறையட்டும், தூக்கம் வரட்டும், இந்த அம்மா தனியா இருக்காங்க, அவங்களுக்குத் துணையா இரும், நாங்க மறந்துட்டோம், எங்களை மன்னியும். அவ்வளவுதான். முடிக்கிற இடம் வந்தது. பாஸ்டரின் வலது கால் தரையில் இல்லாத பிரேக்கைத் தேடியது.

"இயேசுவின் நாமத்துல கேக்குறேன்," என்றார் அண்ணன். விழுங்கினார். "ஆமென்."

"ஆமென்!" என்றார்கள் எல்லோரும். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இத்தனை நிம்மதியாக அந்த வார்த்தையை அவர்கள் சொன்னதே இல்லை.

கண்டக்டர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"அவ்வளவுதானா தம்பி? சின்னத்தைச் சொல்ல மறந்துட்டீங்களே."

முதலில் சிரித்தது அந்தம்மாதான். சிரித்துக்கொண்டே உள்ளே போய், எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவந்தார். கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்தார்.